கள்ளனைப் பிடித்தால் கட்டி வைக்கலாமா? ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரின் கேள்விக்குச் சட்டத்தரணியின் பதில்

கேள்வி:

ஐயா, நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. திருகோணமலை நகரை ஒட்டிய ஓர் ஒழுங்கையில் இருக்கிறோம். இந்த வருடம் தொடங்கியதிலிருந்து எங்கள் ஒழுங்கையில் களவு ஓயவில்லை. இரண்டு தண்ணி மோட்டர், மூன்று சைக்கிள், ஒரு காஸ் சிலிண்டர் போய்விட்டன. எதிர்வீட்டு அக்காவின் சங்கிலியை மோட்டார் சைக்கிளில் வந்தவர்கள் பட்டப்பகலில் அறுத்துக்கொண்டு போனார்கள். பொலிஸில் போய்ச் சொன்னோம். அங்கிருந்த உத்தியோகத்தர் சிங்களத்தில் எழுதினார், நான் ஒப்பம் வைத்தேன். என்ன எழுதினார் என்று தெரியாது. பிறகு ஒருவரும் வரவில்லை. ஒழுங்கை முடிவில் கனடாவில் இருப்பவர்களின் வீடு ஒன்று பூட்டிக் கிடக்கிறது. பொழுதுபட்டால் பொடியன்கள் அங்கே கூடுகிறார்கள், ஐஸ் என்கிற போதைப்பொருள் பாவிக்கிறார்கள் என்று கதை. போன கிழமை எங்கள் இளைஞர்கள் இரவு காவல் நின்று, மதிலோரம் நின்ற ஒரு பையனைப் பிடித்து விடியும்வரை லைட் போஸ்டில் கட்டி வைத்தார்கள். அடித்தும் இருக்கிறார்கள். ஒருவர் அதை வீடியோ எடுத்து முகநூலில் போட்டுவிட்டார். பையனுக்கு 16, 17 வயது இருக்கும். இப்போது விழிப்புக் குழு அமைக்கப் போகிறோம், நீங்கள்தான் தலைவி என்கிறார்கள். அமைக்கலாமா? கேமரா போடலாமா? பொலிஸ் எங்களைக் கணக்கில் எடுக்குமா? இன்னொன்று. அந்த வீட்டுக்கு வருபவர்களில் ஒருவன் என்னிடம் படித்தவன். அவனைப் பற்றிச் சொல்ல மனம் வரவில்லை. சொல்லாமல் இருக்கவும் பயமாக இருக்கிறது.

பதில்:

டீச்சர், நீங்கள் இடையில் சொல்லிவிட்டுப் போன விடயத்தைத்தான் நான் முதலில் எடுக்கிறேன். களவு போன மோட்டரின் விசாரணை இன்னும் ஒரு கிழமை பிந்தினாலும் பெரிய நட்டம் இல்லை. கட்டி வைக்கப்பட்ட பையனின் விடயம் பிந்தக்கூடாது.

அந்த வீடியோவை இன்றைக்கே அழிக்கச் சொல்லுங்கள். போட்டவர் மட்டும் அழித்தால் போதாது, பகிர்ந்தவர்களும் அழிக்க வேண்டும். பிடிபட்டவர் சிறுவர் என்றால் அவருடைய முகத்தை ஊருக்குக் காட்டியதே ஒரு பெரிய தவறு. அதோடு, உங்கள் இளைஞர்கள் தங்களுக்கு எதிரான சாட்சியத்தைத் தாங்களே எடுத்துத் தாங்களே வெளியிட்டிருக்கிறார்கள். நீதவான் நீதிமன்றத்தில் இப்படிப்பட்ட வழக்குகளை நான் பார்க்கிறேன். களவு நிரூபிக்கப்படாமல் போய்விடும். கட்டியதும் அடித்ததும் வீடியோவிலேயே இருக்கும். காவல் நின்றவர்கள் எதிரிக்கூண்டில் நிற்பார்கள். வெளிநாட்டு வேலைக்கும் அரசாங்க வேலைக்கும் பொலிஸ் நற்சான்றிதழ் கேட்கிற காலத்தில், ஓர் இரவு ஆத்திரத்துக்கு அந்தப் பிள்ளைகள் கொடுக்கப்போகும் விலை பெரியது.

சட்டம் பொதுமக்களின் கையை முழுதாகக் கட்டிப்போடவும் இல்லை. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 35ஆம் பிரிவு, சாதாரண ஆளும் ஒருவரைப் பிடிக்கலாம் என்கிறது. ஆனால் எப்போது? பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் ஒன்றை அவர் உங்கள் கண்முன்னால் செய்ய வேண்டும். அல்லது அப்படியொரு குற்றத்தைச் செய்தார் என்று நியாயமாகச் சந்தேகிக்கக்கூடிய நிலையில் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். நீதிமன்றம் பிரகடனப்படுத்திய குற்றவாளியையும் பிடிக்கலாம். பிடித்தால் தாமதமில்லாமல் பொலிஸிடமோ சமாதான உத்தியோகத்தரிடமோ ஒப்படைக்க வேண்டும். இவ்வளவுதான் அதிகாரம். மதிலோரம் நின்றது குற்றம் ஆகாது. மோட்டரைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடியவனையே பிடித்திருந்தாலும், விடியும்வரை கட்டி வைக்கவோ அடிக்கவோ யாருக்கும் உரிமை கிடையாது. பொலிஸுக்கே அந்த உரிமை இல்லை.

அந்தப் பையனின் வீட்டுக்கு யாராவது போனீர்களா? உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை. நீங்களும் கிராம உத்தியோகத்தரும் ஒருமுறை போய்ப் பாருங்கள். காயம் இருந்தால் வைத்தியரிடம் காட்ட உதவுங்கள். "முறைப்பாடு செய்யாதீர்கள்" என்று கெஞ்சவோ மிரட்டவோ போகக்கூடாது. முறைப்பாடு செய்வது அவர்களுடைய உரிமை, அதைத் தடுக்கப் போனால் அது இன்னொரு குற்றமாகிவிடும். இளைஞர்கள் தனியாக ஒரு சட்டத்தரணியைச் சந்திப்பது நல்லது. நடந்தது பிழை என்று பெரியவர் ஒருவர் அந்தத் தாய் தகப்பனின் முகம் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று நான் மனமார நினைக்கிறேன். ஒழுங்கையின் நிம்மதிக்கு அது அவசியம்.

சரி, களவுக்கு வருவோம்.

நீங்கள் ஒப்பமிட்ட முறைப்பாட்டில் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. என் பார்வையில் உங்கள் ஒழுங்கையின் அரைவாசிப் பிரச்சினை இதுதான். மோட்டர் போன திகதி சரியாக எழுதப்பட்டதா? இரண்டு வீட்டுக் களவும் ஒரே முறைப்பாட்டில் அமுங்கிவிட்டதா? "களவு" என்று பதிந்தார்களா, "காணாமற்போனது" என்று பதிந்தார்களா? காணாமற்போனது என்று இருந்தால் அங்கே விசாரிக்க ஒரு குற்றமே இல்லை.

தமிழ் இந்த நாட்டின் அரசகரும மொழிகளில் ஒன்று. 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்திலிருந்து அது அரசியலமைப்பிலேயே இருக்கிறது. 1988ஆம் ஆண்டின் 16ஆவது திருத்தத்தின்படி வடக்கிலும் கிழக்கிலும் தமிழ் நிருவாக மொழி. நான் முன்னே சொன்ன அதே சட்டக்கோவையின் 109ஆம் பிரிவு இன்னும் நேரடியாகப் பேசுகிறது. வாய்மூலம் கொடுக்கும் முறைப்பாட்டை, அது சொல்லப்பட்ட மொழியிலேயே எழுதி, சொன்னவருக்கு வாசித்துக் காட்டி ஒப்பம் வாங்க வேண்டும். அந்த மொழியில் எழுத உத்தியோகத்தரால் முடியாவிட்டால், முறைப்பாட்டாளரையே எழுதித் தரும்படி கேட்கலாம். ஆகவே நீங்கள் தமிழில் கொடுப்பது பொலிஸாரிடம் கேட்கும் தயவு என்று நினைக்கத் தேவையில்லை.

நடைமுறையில் நான் எல்லோருக்கும் சொல்வது இதுதான். வீட்டில் இருந்து ஆறுதலாகத் தமிழில் எழுதுங்கள். என்ன போனது, எப்போது கடைசியாகக் கண்டீர்கள், எப்போது இல்லை என்று தெரிந்தது, பெறுமதி எவ்வளவு, மோட்டரின் தொடர் இலக்கம், சைக்கிள் என்றால் அதன் பிரேமில் பொறித்திருக்கும் இலக்கம், கைபேசி என்றால் ஒவ்வொரு கைபேசிக்கும் தனித்தனியாக உள்ள ஐ.எம்.ஈ.ஐ. என்ற அடையாள இலக்கம். யாரைச் சந்தேகிக்கிறீர்கள் என்றால், ஏன் என்பதற்குக் கண்ணால் கண்டதை மட்டும் எழுதுங்கள். இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு போய் ஒன்றைக் கொடுத்து, முறைப்பாட்டு இலக்கத்தையும் திகதியையும் மற்றப் பிரதியில் குறித்துக்கொண்டு வாருங்கள். பிறகு கட்டணம் செலுத்தி முறைப்பாட்டின் உறுதிப்படுத்திய பிரதியையும் எடுக்கலாம். ஏற்கனவே நடந்த களவுகளுக்கும் இப்படியே மேலதிக வாக்குமூலமாகக் கொடுங்கள். ஒவ்வொரு வீட்டாரும் தங்களுடையதைத் தனித்தனியாகக் கொடுக்க வேண்டும். சைக்கிள் போனதற்கு யார் பொலிஸுக்கு அலைவது என்று இரண்டு பேராவது விட்டிருப்பார்கள், எனக்கு நிச்சயம் தெரியும். அவர்களையும் போகச் சொல்லுங்கள். பொலிஸ் தன் ஆட்களையும் ரோந்தையும் பிரிப்பது பதிவான முறைப்பாடுகளை வைத்துத்தான். பதியாத களவு அவர்களுடைய கணக்கில் நடக்காத களவு.

இலக்கங்களைப் பற்றி ஒரு சின்னக் குறிப்பு. தண்ணி மோட்டர் கடைசியில் போய்ச் சேருவது பழைய இரும்புக் கடைக்கு, இல்லாவிட்டால் பாவித்த சாமான் விற்கிற இடத்துக்கு. இலக்கம் இல்லாத மோட்டரைப் பொலிஸ் அங்கே கண்டாலும் அது உங்களுடையது என்று எப்படிக் காட்டுவீர்கள்? களவுப் பொருள் என்று தெரிந்து வாங்கி வைத்திருப்பதும் குற்றம்தான். அதை நிரூபிக்க அடையாளம் வேண்டும். இந்த வார இறுதியில் ஒழுங்கைப் பிள்ளைகள் இரண்டு பேரை வீடு வீடாக அனுப்புங்கள். ஒவ்வொரு மோட்டரையும் சைக்கிளையும் கைபேசியில் படம் எடுத்து, இலக்கத்தைக் குறித்து, அந்தந்த வீட்டாரிடமே கொடுத்துவிடச் சொல்லுங்கள். இலக்கம் அழிந்திருந்தால் ஆணியால் ஓர் அடையாளம் கீறலாம். கைபேசியில் நட்சத்திரக் குறி, சதுரக் குறி, 06, மீண்டும் சதுரக் குறி என்று அழுத்தினால் ஐ.எம்.ஈ.ஐ. இலக்கம் திரையில் வரும்.

குழு அமைக்கலாமா? அமையுங்கள். நீங்கள் தலைவியாக இருப்பதும் நல்லது. ஆனால் இரவில் பொல்லோடு சுற்றுவதுதான் விழிப்புக் குழு என்று இளைஞர்கள் நினைத்திருந்தால், அதற்கு உங்கள் பெயரைக் கொடுக்காதீர்கள்.

சுற்றித் திரிவதால் மட்டும் களவு குறையாது என்பது அனுபவத்தில் கண்டது, ஆராய்ச்சியிலும் கண்டது. அமெரிக்காவின் கன்சாஸ் நகரில் 1972, 1973ஆம் ஆண்டுகளில் பொலிஸே ஒரு பரிசோதனை செய்தது. சில பகுதிகளில் வழமையான வாகன ரோந்தை நிறுத்தினார்கள், சில பகுதிகளில் இரண்டு மூன்று மடங்காகக் கூட்டினார்கள், மற்றவற்றை முன்போலவே விட்டார்கள். குற்றங்களின் எண்ணிக்கையில் சொல்லத்தக்க வித்தியாசம் வரவில்லை. சும்மா சுற்றுகிற வாகனத்தைக் கள்ளன் பார்த்துவிட்டு, அது போனபிறகு தன் வேலையைச் செய்வான். பயிற்சி பெற்ற பொலிஸின் ரோந்துக்கே இந்த நிலை என்றால், பகலில் வேலைக்குப் போய்க் களைத்து வந்து இரவில் ஒழுங்கை முடக்கில் நிற்கிற நான்கு பிள்ளைகளால் எத்தனை நாளைக்கு என்ன செய்ய முடியும்?

பலன் தருவது வேறு. இங்கிலாந்தில் ரொச்டேல் நகரின் கேர்க்கோல்ட் குடியிருப்பில் 1980களில் செய்த வேலை எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் அதைப் பணமில்லாமல் நாமும் செய்யலாம். ஒருமுறை களவு போன வீட்டிலேயே அடுத்த சில வாரங்களில் மீண்டும் களவு போகிறது என்று அங்கே கண்டுபிடித்தார்கள். கள்ளனுக்கு வழி தெரிந்துவிட்டது, போனதற்குப் பதிலாகப் புதுச் சாமான் வாங்கி வைப்பார்கள் என்றும் தெரியும். ஆகவே முழுக் குடியிருப்பையும் காக்க அவர்கள் முயலவில்லை. களவு போன வீட்டின் பூட்டு, கதவை உடனே பலப்படுத்தினார்கள். அந்த வீட்டைச் சுற்றியிருந்த ஆறு வீட்டுக்காரர் அளவில் ஒன்றுசேர்ந்து அதைக் கவனித்துக்கொண்டார்கள். காசு போட்டு மின்சாரமும் எரிவாயுவும் பெறும் மானிப் பெட்டிகள் வீட்டுக்குள் இருந்தன, அந்தக் காசுக்காகத்தான் பல களவுகள் நடந்தன. அந்தப் பெட்டிகளையே மாற்றினார்கள். வீடுடைப்பு மிகப் பெரிய அளவில் குறைந்தது.

இதை உங்கள் ஒழுங்கைக்குக் கொண்டுவந்து பாருங்கள். மோட்டர் போன இரண்டு வீட்டிலும் புது மோட்டர் வந்திருக்கும். அந்த இரண்டு வீடும்தான் இப்போது ஆபத்தில் இருக்கின்றன, அவற்றின் இரண்டு பக்கத்து வீடுகளும் அப்படித்தான். முதலில் அங்கே மோட்டருக்குக் கூடு அடித்துப் பூட்டுப் போட வேண்டும். கிணற்றடியில் திறந்தபடி கிடக்கிற மோட்டரைத் தூக்க ஐந்து நிமிடம் போதும். கூடும் பூட்டும் இருந்தால் சத்தம் வரும், சத்தம் வந்தால் பக்கத்து வீட்டில் லைட் எரியும். காஸ் சிலிண்டரை வெளிக்குசினியில் வைப்பவர்கள் இரவில் உள்ளே எடுக்கட்டும். அக்கம்பக்கத்து நான்கைந்து வீடுகள் ஒருவருக்கொருவர் பொறுப்பு. யார் எப்போது வீட்டில் இல்லை என்பது அந்த நான்கைந்து வீட்டுக்குத் தெரிய வேண்டும். முழு ஒழுங்கைக்கும் தெரியத் தேவையில்லை. குறிப்பாக வாட்ஸ்அப் குழுவில் "நாங்கள் நாளை கொழும்புக்குப் போகிறோம்" என்று போடவே கூடாது.

திருகோணமலையில் வீடுகள் ஒன்றாக வெறுமையாகும் இரவுகள் எவை என்று நமக்குத் தெரியும். நவராத்திரி முடிவில் கும்பம் புறப்படுகிற இரவு, பிள்ளைகுட்டியோடு முழு ஊரும் வீதியில் நிற்கும். கோணேசர் கோயில் தேர், தீர்த்தம், வருடப்பிறப்பு எல்லாம் அப்படித்தான். இந்த நாட்களில் ஒழுங்கைக்கு இரண்டு பேர் முறைவைத்து நிற்கட்டும். வருடம் முழுவதும் இரவிரவாக நிற்பதை விட இது பயன்தரும், பிள்ளைகளும் களைக்க மாட்டார்கள்.

குழுவின் வேலை பார்ப்பது, எழுதுவது, அறிவிப்பது. ஒரு கொப்பி போதும். திகதி, நேரம், என்ன கண்டோம், வாகன இலக்கம், யாருக்கு அறிவித்தோம், என்ன பதில் வந்தது. "அவன் கள்ளன்போல இருந்தான்" என்று எழுதுவதில் பிரயோசனம் இல்லை. "இரவு 11.40, சிவப்பு மோட்டார் சைக்கிள், இலக்கத்தகடு மறைத்திருந்தது, மூன்றாம் வீட்டுப் படலையில் நின்று உள்ளே பார்த்தார்கள்" என்று எழுதினால் அது ஒரு விசாரணைக்கு உதவும். கண்முன்னே குற்றம் நடந்தால் பொலிஸ் அவசர இலக்கம் 119க்கு அழையுங்கள். ஆளைத் துரத்திக்கொண்டு ஓடக்கூடாது. போன திசையைச் சொன்னால் போதும்.

நம்முடைய ஊர் யாருடைய ஊர் என்பதையும் குழுவுக்கு முதல் நாளே சொல்லிவிடுங்கள். இங்கே விடியப்புறம் மூன்று நான்கு மணிக்கு வீதியில் போகிறவர் பெரும்பாலும் கடலுக்குப் போகிற ஆள், அல்லது மீன் பெட்டியோடு போகிற வியாபாரி. நடுச்சாமத்தில் வருகிறவர் சீனன்குடாப் பக்கத்துத் தொழிற்சாலையில் முறைவேலை முடித்தோ, நிலாவெளி ஹோட்டலில் வேலை முடித்தோ வருகிறவர். அவர் தமிழராகவும் இருக்கலாம், முஸ்லிமாகவும் இருக்கலாம், சிங்களவராகவும் இருக்கலாம். ஒரு சமூகத்து இளைஞர்கள் இரவில் இன்னொரு சமூகத்து ஆளை மறித்து அடையாள அட்டை கேட்டால், அடுத்த நாள் காலையில் பிரச்சினை உங்கள் ஒழுங்கையோடு நிற்காது. அடையாள அட்டை கேட்கவும் ஆளைச் சோதிக்கவும் குழுவுக்கு அதிகாரமே இல்லை.

2011 ஆகஸ்ட் உங்களுக்கு மறந்திருக்காது. உடம்பில் கிறீஸ் பூசிய ஆட்கள் இரவில் வந்து பெண்களைத் தாக்குகிறார்கள், கிறீஸ் பூதம், மர்ம மனிதன் என்று கதை பரவி, கிழக்கில் ஊர் ஊராக ஆட்கள் பொல்லோடு விழித்திருந்தார்கள். பெண்கள் பயந்தது உண்மை, அந்தப் பயத்தை யாரும் குறைத்துச் சொல்லக்கூடாது. ஆனால் அந்த நாட்களில் வழியில் போன அப்பாவிகள் அடிபட்டார்கள். கிண்ணியாவில் மக்களுக்கும் கடற்படையினருக்கும் மோதல் வந்தது. புத்தளத்தில் ஒரு பொலிஸ் உத்தியோகத்தரைக் கும்பல் கொன்றது. அப்போது வாட்ஸ்அப் இன்றைக்குப்போல் எல்லோர் கையிலும் இல்லை. இன்றைக்கு ஒரு குரல்பதிவு பத்து நிமிடத்தில் மூதூர் போய்ப் புல்மோட்டைக்கும் போய்விடும். உங்கள் குழுவின் வாட்ஸ்அப்பில் ஆட்களின் படமோ "இவன்தான்" என்ற பதிவோ போடக்கூடாது என்பதை முதல் விதியாக வையுங்கள். மீறுபவரை அன்றைக்கே குழுவிலிருந்து எடுத்துவிடுங்கள், அவர் யாருடைய மகனாக இருந்தாலும் சரி.

கிராம உத்தியோகத்தர் பிரிவு மட்டத்தில் பொலிஸோடு சேர்ந்து இயங்கும் சமூகப் பொலிஸ் குழு என்று ஒன்று உண்டு. உங்கள் பிரிவில் அது இயங்குகிறதா என்று கிராம உத்தியோகத்தரிடம் கேளுங்கள். பெயருக்கு இருந்தால் அதை உயிர்ப்பியுங்கள், பெண்களையும் அதில் சேருங்கள். ஒழுங்கையில் பகல் முழுவதும் இருப்பவர்கள் அவர்கள்தான். சங்கிலி அறுத்ததும் பகலில்தானே.

பூட்டிக் கிடக்கும் வீட்டைப் பற்றி நீங்கள் ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் முக்கியமான இடமாகத் தெரிகிறது. களவெடுப்பவனுக்குப் பதுங்கவும் சாமானை ஒளித்து வைக்கவும் அங்கே இடம் இருக்கிறது. போதைப்பொருள் விற்பவனுக்கு ஆட்களைச் சந்திக்க வசதி. அந்த வீட்டை உயிருள்ள வீடாக்கினால் பாதிப் பிரச்சினை இடம்பெயரும், பொலிஸுக்கே வேலை இருக்காது. கனடாவில் இருப்பவர்களின் தொலைபேசி இலக்கம் ஒழுங்கையில் யாரிடமாவது கட்டாயம் இருக்கும். பேசுங்கள். சொந்தக்காரர் ஒருவருக்கு அற்றோணித் தத்துவம், அதாவது தங்கள் சார்பில் செயற்படும் அதிகாரம், எழுத்தில் கொடுத்து வீட்டை வாடகைக்கு விடச் சொல்லுங்கள். அதுவரை வளவைத் துப்புரவாக்கவும் படலையைப் பூட்டவும் முன்வாசலில் ஒரு லைட் போடவும் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். அனுமதி இல்லாமல் உள்ளே போகாதீர்கள், அது அத்துமீறல்.

அவர்கள் பதில் சொல்லாவிட்டால் இன்னொரு வழி உண்டு. 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்பு பெருகுவதைத் தடுக்கும் சட்டம். பற்றை மண்டி, சிரட்டையிலும் தகரத்திலும் தண்ணீர் தேங்கி நிற்கிற வளவுக்குப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வரலாம், உரிமையாளருக்கு அறிவித்தல் கொடுக்கலாம். டெங்குவுக்காகப் பற்றை வெட்டினாலும் மறைவிடம் போய்விடும். களவுக்காக எழுதிய கடிதத்துக்கு வராத பதில் சில வேளை நுளம்புக்காக எழுதிய கடிதத்துக்கு வரும். இரண்டையும் எழுதுங்கள்.

வீதி விளக்குக்கு உள்ளூராட்சி சபையிடம் போக வேண்டும். எந்தக் கம்பம், எத்தனை நாளாக எரியவில்லை என்று குறித்து எழுதி, பெற்றுக்கொண்டதற்கு ஒப்பம் வாங்குங்கள். கேமரா போடுவதில் தவறில்லை. ஒழுங்கை வாயிலில் ஒன்று போதும், அதுவும் வாகன இலக்கம் தெரிகிற உயரத்தில். பக்கத்து வீட்டுக் கிணற்றடியையோ முற்றத்தையோ அது பார்க்கக்கூடாது. பதிவு யாரிடம் இருக்கும், யார் கேட்டால் கொடுப்பது என்பதை முன்பே முடிவு செய்யுங்கள். கேமராவுக்குக் காசு சேர்க்க முன்னர் மோட்டர்க் கூடுகளுக்குச் சேருங்கள்.

பொலிஸ் உங்களைக் கணக்கில் எடுக்குமா என்று கேட்டீர்கள். தனித்தனியாகப் போய்ச் சொன்னால் எடுக்காமல் விடுவது இலகு. கொப்பியோடும் முறைப்பாட்டு இலக்கங்களோடும் ஒழுங்கையே எழுதிய ஒரு கடிதத்தோடும் நிலையப் பொறுப்பதிகாரியைச் சந்திக்க நேரம் கேட்டுப் போனால் அப்படி விடுவது கடினம். போகும்போது மூன்று கேள்வி மட்டும் கேளுங்கள். எங்கள் முறைப்பாடுகளை விசாரிப்பவர் யார்? எங்கள் பகுதிக்குப் பொறுப்பான, தமிழில் பேசக்கூடிய உத்தியோகத்தர் யார்? அடுத்த சந்திப்பு எப்போது? பேசியதை அன்று மாலையே ஒரு பக்கக் கடிதமாக எழுதி அவருக்கே அனுப்புங்கள். நல்ல மனதோடு வேலை செய்கிற உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள், மொழி தெரியாமல் அவர்களும் தடுமாறுகிறார்கள். சிங்களம் நன்றாகத் தெரிந்த ஒருவரைக் கூடவே அழைத்துப் போவதில் எந்தக் குறைவும் இல்லை, எழுதுவது மட்டும் தமிழில் இருக்கட்டும்.

இரண்டு மூன்று வாரத்தில் அசைவு இல்லாவிட்டால் உதவிப் பொலிஸ் அத்தியட்சகர், அதற்கு மேல் சிரேஷ்ட பொலிஸ் அத்தியட்சகர் என்று எழுத்தில் போகலாம். முறைப்பாட்டை ஏற்கவே மறுத்தால் தேசிய பொலிஸ் ஆணைக்குழுவுக்கு எழுதலாம். பொலிஸாருக்கு எதிரான பொதுமக்கள் முறைப்பாடுகளை விசாரிக்கும் பொறுப்பை அரசியலமைப்பே அதற்குக் கொடுத்திருக்கிறது. மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்குத் திருகோணமலையிலேயே பிராந்திய அலுவலகம் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், உங்கள் கிராம உத்தியோகத்தர் பிரிவில் கடந்த ஒரு வருடத்தில் எத்தனை களவு முறைப்பாடுகள் பதிவாகின, எத்தனை நீதிமன்றம் போயின என்று தமிழில் கேட்கலாம். 14 வேலைநாட்களுக்குள் தீர்மானத்தை அறிவிக்க வேண்டும். நடந்துகொண்டிருக்கும் விசாரணையின் விபரம் தரமாட்டார்கள். எண்ணிக்கையைத் தரலாம்.

இனி அந்தப் பயத்துக்கு வருகிறேன். பொலிஸுக்குத் தகவல் கொடுப்பது என்றால் நம்மில் பலருக்கு உடம்பு கூசுகிறது. போர்க்காலச் சுற்றிவளைப்புகளில், ஆட்களைக் காட்டிக்கொடுக்க நிறுத்தப்பட்ட முகமூடி போட்ட தலையாட்டியின் முன்னால் வரிசையில் நின்ற தலைமுறை நாங்கள். அந்த நினைவை இலேசாகக் கடந்துவிட முடியாது, கடக்கவும் சொல்ல மாட்டேன். அன்று ஒருவன் தலையை ஆட்டினால் போதும், ஏன் என்று கேட்க வழியில்லை. இன்று நீங்கள் சொல்வது உங்கள் பெயரோடு, உங்கள் மொழியில், கண்டதை மட்டும். அதை நீதிமன்றத்தில் குறுக்கு விசாரணை செய்யலாம், கைதானவரை 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் கொண்டுவர வேண்டும். சாட்சியை மிரட்டுவது, பாதிக்கப்பட்டவர்களையும் சாட்சிகளையும் பாதுகாக்கும் 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் தனிக் குற்றம், பாதுகாப்புக் கேட்கவும் அந்தச் சட்டத்தில் வழியுண்டு. ஐஸ் விற்பவரைப் பற்றிய தகவலை ஒழுங்கைக் குழுவில் பேசாதீர்கள். உயர் அதிகாரி ஒருவரிடம் நேரடியாக, அல்லது ஒரு சட்டத்தரணி ஊடாகக் கொடுங்கள். விற்பவனிடம் இளைஞர்கள் போய்ச் சண்டை பிடிப்பது மிகவும் ஆபத்து. ஐந்து கிராமுக்கு மேல் ஐஸ் வைத்திருந்தால் ஆயுள் அல்லது மரண தண்டனை வரை போகக்கூடியது என்று 2022இல் சட்டம் திருத்தப்பட்டிருக்கிறது. அவ்வளவு பயம் உள்ளவன் எதையும் செய்வான்.

உங்கள் மாணவன் வேறு. பாவிப்பவனையும் விற்பவனையும் ஒன்றாக வைத்துப் பார்க்காதீர்கள். அவன் அங்கே போவதை மட்டும் கண்டீர்கள், களவெடுத்ததைக் காணவில்லை. காணாததைச் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. ஒரு களவைக் கண்ணால் கண்டால் அப்போது சொல்லத்தான் வேண்டும், அவன் உங்களிடம் படித்திருந்தாலும். அதற்கு முன்னர் அவனுடைய தாயைப் பாருங்கள். குழுவில் இருப்பவர்கள் யாரையும் கூட்டிக்கொண்டு போக வேண்டாம், நீங்கள் மட்டும் போங்கள். அவன் 18 வயதுக்குக் குறைந்தவன் என்றால் பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் இருக்கிறார், 1929 என்ற சிறுவர் உதவி இலக்கமும் இருக்கிறது. வயது வந்தவன் என்றால் திருகோணமலைப் பொது வைத்தியசாலையின் உளநலப் பிரிவில் தொடங்கலாம். தானாக விரும்பிச் சிகிச்சைக்குப் போவதற்கு, போதைப்பொருளில் தங்கியிருப்போரின் சிகிச்சை, புனர்வாழ்வு பற்றிய 2007ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டமே இடம் வைத்திருக்கிறது, அதற்கு அவன் குற்றவாளியாக வேண்டியதில்லை. தாய்க்கு இது ஒன்றும் தெரிந்திருக்காது. வெட்கத்தில் யாரிடமும் கேட்டிருக்கவும் மாட்டார். நீங்கள் சொன்னால் கேட்பார் என்று நினைக்கிறேன்.

பொறுப்பதிகாரிக்கு எழுதும் கடிதத்தின் வரைபை எனக்கு அனுப்புங்கள், பார்த்துத் திருத்தித் தருகிறேன். அதற்கு முன்னர் அந்த வீடியோ அழிக்கப்பட்டதா என்று ஒரு வரி எழுதிவிடுங்கள்.